ஊர் காட்டப் போனோம்

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவர் ஒருவர்)

சொந்த ஊரின் அழகு, சொந்தக்காரர்கள் வரும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. நாள்தோறும் நாம் நடக்கின்ற தெருதான். நாள்தோறும் நாம் கடந்து செல்கின்ற கோபுரம்தான். எனினும் வெளியூரிலிருந்து வந்த ஒரு சிறுவன் நம் விரலைப் பிடித்துக்கொண்டு, "அது என்ன? இது எதற்கு?" என்று கேட்கும்போது, அந்தத் தெருவும் அந்தக் கோபுரமும் நேற்றுத்தான் கட்டி முடித்தவை போலப் புதுமை பூண்டு நிற்கின்றன. விருந்தினர் நமக்குப் பழமும் பலகாரமும் மட்டும் கொண்டு வருவதில்லை. நாம் மறந்து போன நம் ஊரையே திரும்பக் கொண்டு வந்து தருகிறார்கள்.

கோயில் பெருத்தது கும்பகோணம் என்பார்கள். அதனால் இங்கே உறவும் பெருத்துவிடுகிறது! பள்ளி விடுமுறையா, கும்பகோணம். பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப் போகிறதா, கும்பகோணம். சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சி என்றால் கேட்கவே வேண்டாம். ஆண்டுக்கு நாலைந்து முறையாவது எங்கள் வீட்டுத் திண்ணையில் புதிய செருப்புகள் வரிசையாக நிற்கும். அன்று மாலையே என் தந்தையார் என்னை அழைத்து, "நாளைக்கு இவங்களுக்கு ஊரைக் காட்டணும், நீயும் கூட வா" என்பார். பித்தளைப் பாத்திரக் கடையில் கணக்கெழுதும் அவருக்கு விடுப்பு எடுப்பது எளிதன்று. ஆயினும் விருந்தினருக்காக எடுப்பார்.

ஊர் காட்டுவதும் ஒரு கலையே. வந்தவர்களின் வயதும் விருப்பமும் அறிந்து வழி வகுக்க வேண்டும். சிறுவர்களைச் சுவாமிமலைக்கு அழைத்துச் செல்வது நலம். அங்குள்ள அறுபது படிகளும் அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிப்பவை. தாம் பிறந்த ஆண்டின் படியைத் தேடிக்கொண்டே ஏறுகிற குழந்தைகளுக்குக் கால்வலி தெரிவதில்லை. நான் 2004ஆம் ஆண்டில், தாரண வருடத்தில் பிறந்தவன்; பதினெட்டாம் படி என்னுடையது. கீழே இறங்கினால் சிற்பிகளின் பட்டறைகள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். மண்ணை உடைத்தால் உள்ளே நடராசர் ஆடிக்கொண்டிருக்கிறார்!

படித்தவர்கள் வந்தால் சாரங்கபாணி சந்நிதித் தெருவுக்கு அழைத்துச் செல்வேன். கணிதமேதை இராமானுசன் வாழ்ந்த சின்னஞ்சிறு வீடு அங்கே இன்றும் பேணிக் காக்கப்படுகிறது. உலகத்தார் வியந்த கணக்குகளுக்கு இவ்வளவு சிறிய வீடு போதுமானதாக இருந்ததா என்று எல்லாரும் கேட்பார்கள். அங்கிருந்து அப்படியே நம் கல்லூரிப் பக்கம் வருவோம். 1854இல் தோன்றிய இந்தக் கல்விக்கூடத்தில்தான் அவர் 1904இல் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி, மற்றப் பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். இதைக் கேட்டவுடன் விருந்தினர் என்னைப் பார்த்துப் புன்னகை புரிவார்கள். "அப்படியானால் உனக்கும் நம்பிக்கை உண்டு" என்று ஒரு மாமா சொன்னார். பாராட்டா, பழிப்பா என்று இன்றுவரை நான் ஆராயவில்லை.

முதியவர்கள் வந்தால் நவக்கிரகச் சுற்றுலா. விடியலில் திங்களூரில் தொடங்கி, இரவில் திருநள்ளாற்றில் முடியும் ஒரு நாள் ஓட்டம். ஒன்பது கோயில், ஒரு வண்டி, பதினைந்து பேர். மூன்றாவது கோயிலில் ஒரு செருப்பு காணாமற் போகும். ஐந்தாவது கோயிலில் ஒரு குழந்தை காணாமற் போய்க் கிடைக்கும். ஏழாவது கோயிலில் எல்லாருடைய பொறுமையும் காணாமற் போகும். நடுவில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, தூக்குகளைத் திறந்து, வாழையிலையில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் மாவடுவும் பரிமாறும் அந்த அரைமணி நேரம் இருக்கிறதே, அஃது ஒன்பது கிரகங்களும் ஒருசேர உச்சத்தில் நிற்கும் நேரம்! "புளிச்சோறுன்னா இதுதான் புளிச்சோறு" என்று புகழாதவர் இல்லை.

நண்பர்களே, அந்தப் புளிச்சோற்றைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

எங்கள் வீட்டில் தகரப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே பழைய ஒளிப்படங்கள். கல்லணையில் பெரியப்பா குடும்பம். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிங்கமுகக் கிணற்றருகே சித்தப்பா பிள்ளைகள். தஞ்சைப் பெரிய நந்தியின் முன் ஆச்சியும் அவருடைய தங்கையும். பிற்காலத்துப் படங்கள் கைப்பேசியில் இருக்கின்றன. இருபத்தைந்து ஆண்டுகளின் ஊர் பார்த்தல் அத்தனையும் அவற்றில் இருக்கிறது. ஒரேயொருவர் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. அவர் என் அன்னை.

யாரும் அவரை வரவேண்டாம் என்று சொன்னதில்லை. "நீயும் வாயேன்" என்று தந்தையார் ஒவ்வொரு முறையும் கேட்பார். "நான் வந்துட்டா ராத்திரிக்கு யாரு உலை வைக்கிறது? நீங்க போயிட்டு வாங்க" என்பார் அன்னை. அந்த வினாவுக்கு யாரிடமும் விடை இருந்ததில்லை. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து கட்டுச்சோறு கட்டித் தருவார். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நிற்பார். பிறகு உள்ளே சென்று இரவுச் சமையலுக்குப் பருப்பை நனைப்பார். இது சட்டமன்று, கட்டளையன்று, வழக்கம். வழக்கத்தை எதிர்த்து வழக்காட யார் இருக்கிறார்கள்?

2016ஆம் ஆண்டு மகாமகத்தின்போது எனக்குப் பதினொரு வயது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகின்ற அந்தப் பெருவிழாவில் கும்பகோணத்து வீடுகள் எல்லாம் சத்திரங்கள் ஆகிவிடும். எங்கள் வீட்டில் இருபத்தேழு பேர் தங்கினார்கள். கூடத்திலும் மாடியிலும் பாய்கள், கொல்லையில் கோட்டையடுப்பு. பிப்ரவரி 22ஆம் நாள் தீர்த்தவாரி. மகாமகக் குளம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கோவிந்த தீட்சிதர் எழுப்பிய பதினாறு மண்டபங்கள் சூழ, இருபது தீர்த்தக் கிணறுகளைத் தன்னுள் கொண்ட அந்தக் குளத்தில் நீராட எங்கெங்கிருந்தோ மக்கள் வெள்ளமென வந்தார்கள். எங்கள் விருந்தினர் அனைவரும் நீராடித் திரும்பினார்கள். அன்னைக்குக் கிடைத்தது, பெரியப்பா பித்தளைச் சொம்பில் கொண்டு வந்து அவர் தலையில் தெளித்த கைப்பிடி நீர். அதற்கும் அவர் கண்களை மூடிக் கைகூப்பினார். உடனே அடுப்பிலிருந்து கொதி வழியும் ஓசை கேட்டு உள்ளே ஓடினார்.

இந்த வழக்கத்தை உடைத்தவர் என் அத்தை.

என் தந்தையாரின் தங்கையான அவர், 1996இல் திருமணமாகி மும்பைக்குச் சென்றவர். 2024ஆம் ஆண்டு மே மாதம் மகளோடும் நான்கு வயதுப் பேரனோடும் வந்திருந்தார். முதல் நாள் இரவு வழக்கம்போல் திட்டம் தீட்டினோம். தாராசுரம் செல்வது என்று முடிவாயிற்று. அன்னை எழுந்து புளியை ஊற வைக்கச் சென்றார்.

"அண்ணி, புளியை எடுத்து உள்ளே வைங்க. நாளைக்கு நீங்களும் வர்றீங்க" என்றார் அத்தை.

"நல்லா இருக்கே! வந்த பொண்ணை ஓட்டல்ல சாப்பிட வெச்சான்னு ஊர் என்னைத்தான் பேசும்."

"ஊர் பேசட்டும். நீங்க வராட்டி நானும் வரலை. ரெண்டு பேரும் இங்கேயே உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுவோம்."

பிறகு அத்தை தம் கதையைச் சொன்னார். மும்பையில் சயான் பக்கம் ஒற்றை அறையில் குடித்தனம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்த அறைதான் விடுதி. வந்தவர்கள் எல்லாரும் கேட்வே ஆப் இந்தியாவிலிருந்து படகேறி எலிபெண்டா தீவுக்குப் போவார்கள். பாறையைக் குடைந்து வடித்த மும்முகச் சிவபெருமானைப் பார்ப்பார்கள். மாலையில் திரும்பி வந்து, சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்கும் அத்தையிடம் அதை வருணிப்பார்கள். "எத்தனை பேர் எனக்கு அந்தச் சிலையைப் பத்திச் சொன்னாங்க தெரியுமா? நான் போய்ப் பார்க்கப் பதினாலு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள ராமரே வனவாசம் முடிச்சுட்டு அயோத்திக்கு வந்துட்டாரு!" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அன்னை சிரிக்கவில்லை. சற்று நேரம் அத்தையின் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, ஊற வைத்த புளியை மூடி ஓரமாக நகர்த்தினார். ஆச்சிதான் தீர்ப்பு வழங்கினார்: "ஒருநாள் உலை வைக்காட்டி ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது. போயிட்டு வருவோம். நானும் வர்றேன்."

மறுநாள் காலை எட்டுப் பேர் புறப்பட்டோம். தாராசுரம் கும்பகோணத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவுதான். நகரப் பேருந்தில் ஏறினோம். 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா? சிறுவனுக்கும் சீட்டு வேண்டியதில்லை. ஆகவே தந்தையாருக்கும் எனக்கும் மட்டும் காசு கொடுத்தோம். எட்டுப் பேர் ஊர் பார்க்க இரண்டு பேருக்குக் கட்டணம்! கணக்கெழுதும் தந்தையாரின் முகத்தில் அன்று முதன்முதலாக மலர்ச்சி தோன்றியது அப்போதுதான்.

பட்டு நெசவாளர் நிறைந்த ஊர் தாராசுரம். தறிகளின் ஓசை கேட்கும் தெருக்களைக் கடந்து கோயிலை அடைந்தோம். ஐராவதேசுவரர் கோயில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எழுப்பியது. 2004ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நான் பிறந்த ஆண்டு என்பதால் எனக்கு அதில் ஒரு தனி உரிமை! தஞ்சைப் பெரிய கோயில் அண்ணாந்து பார்க்க வைக்கும். தாராசுரம் குனிந்து பார்க்க வைக்கும். தேர்போல் அமைந்த முன்மண்டபத்தில் சக்கரங்களும் பாயும் குதிரைகளும். தூண்கள்தோறும் உள்ளங்கை அகலத்தில் ஆடல் மகளிரும் புராணக் காட்சிகளும். ஒரே தலையில் ஒரு பக்கம் காளையும் மறுபக்கம் யானையும் தெரியும் சிற்பத்தை விட்டுச் சிறுவன் நகர மறுத்தான். யானையை மறைத்தால் காளை, காளையை மறைத்தால் யானை என்று கையால் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான். தட்டினால் இசையெழுப்பும் கற்படிகளை இப்போது கம்பியிட்டுக் காக்கிறார்கள் என்பதில் அவனுக்கு மட்டும் பெருங்கோபம்.

வரலாற்று மாணவனாகிய நான் ஆண்டுகளையும் அரசர்களையும் அடுக்கினேன். எல்லாரும் மரியாதைக்குத் தலையசைத்தார்கள். கருவறையின் புறச்சுவர்க்கு வந்தோம். அதன் அடித்தளத்தில் பெரியபுராணத்து அடியார்களின் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாக வரிசையாகச் செல்கின்றன. சேக்கிழார் அந்நூலைப் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன் காலத்தில் அது கல்லில் ஏறிவிட்டது. "இதில் யார் யார், சொல்லு" என்றார் அத்தை மகள். நான் கல்லில் பொறித்திருந்த எழுத்தை உற்றுப் பார்த்துத் தடுமாறிக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "கண்ணப்பர் கதையைச் சொல்லட்டுமா?" என்று கேட்டது. அன்னைதான்!

எங்கள் தெருக் கோயிலில் ஆண்டுதோறும் பெரியபுராணச் சொற்பொழிவு நடக்கும். ஒலிபெருக்கி எங்கள் அடுக்களைச் சன்னலுக்கு நேர் எதிரே. கறிகாய் அரிந்துகொண்டே, மாவரைத்துக்கொண்டே, இருபத்தைந்து ஆண்டுகள் அவர் கேட்ட பெரியபுராணம், அன்று அந்தச் சுவரோரம் ஊற்றெடுத்தது. திருநீலகண்டர், இயற்பகையார் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நாங்கள் எழுவரும் பின்னால் நடந்தோம். வெளியூரிலிருந்து வந்த வேறு சிலரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

இளையான்குடி மாறனார் கதைக்கு வந்தார். வறுமையுற்ற வீடு. மழை கொட்டும் நள்ளிரவு. வாசலில் ஒரு சிவனடியார் பசியோடு நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரி வந்தால் சமைக்கலாம் என்று வழி சொன்னவர் மனைவியார். மாறனார் இருளில் சென்று முளைநெல்லை வாரி வந்தார். விறகில்லை, கூரையின் கழிகளை அறுத்துத் தந்தார். குழியிலிருந்த கீரையைப் பறித்துத் தந்தார். ஈரநெல்லை வறுத்து, குத்தி, சோறாக்கிக் கறி சமைத்தவர் மனைவியார். இவ்வளவையும் சொன்ன அன்னை, ஒரு கணம் நிறுத்தி, தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஈரநெல்லை வறுத்துக் குத்தறது லேசில்ல. கை கொப்புளிச்சுப் போயிடும்."

அந்த ஒரு சொல்லை எந்தச் சொற்பொழிவாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. எந்த நூலிலும் படித்ததில்லை. அறுபத்து மூவரில் மாறனார் இருக்கிறார். அவர் மனைவியார் இல்லை. அறுபத்து மூவரில் பெண்கள் மூவரே. விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்தேனே என்று கண்ணகி வருந்துவதாக இளங்கோவடிகள் காட்டினார். இவற்றையெல்லாம் நாம் தேர்வுக்குப் படிக்கிறோம். பத்து மதிப்பெண் வாங்குகிறோம். விருந்தோம்பலில் கொப்புளிக்கும் கை யாருடையது என்ற வினா மட்டும் எந்த வினாத்தாளிலும் வருவதில்லை.

கோயிலை விட்டு வெளியே வந்தபோது, அங்கிருந்த ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னோம். எட்டுப் பேரும் நின்றோம். கையில் தூக்கோ பையோ இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று அறியாமல் அன்னை திகைத்தார். முதலில் முந்தானையைப் பற்றினார். பிறகு அத்தையின் கையைப் பற்றிக்கொண்டார். அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது.

அன்று மதியம் ஓட்டலில் உண்டோம். சாம்பாரில் உப்புக் குறைவு என்று அன்னை கண்டுபிடித்தார். இருந்தும் தம் இலைக்கு வேறொருவர் வந்து பரிமாற, உட்கார்ந்தபடியே உண்ட அந்த உணவை அவர் மெல்ல மெல்ல உண்டார். இரவுக்கு இட்லி வாங்கிவந்தோம். தந்தையார் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டார். எட்டுப் பேருக்கு வீட்டில் இருவேளை சமைத்தால் ஆகும் செலவை ஒருபுறம் எழுதினார். ஓட்டல் செலவை மறுபுறம் எழுதினார். ஓட்டல் பக்கம்தான் கூடுதல். நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்திருந்தவர், பிறகு அன்னையிடம், "உன் கூலியை எந்தப் பக்கமும் எழுதலியே" என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அன்னை மீண்டும் அடுக்களைக்குச் சென்றார். உலகம் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. ஆனால் அரிசியைக் களைந்தபடியே அவர் என்னிடம் கேட்டார்: "கங்கைகொண்ட சோழபுரத்துல அந்தச் சிங்கக் கிணறு எப்படி இருக்கும்? அடுத்த தடவை யார் வராங்க?"

அன்புடைய தோழர்களே, தோழியரே! நம் ஊர்களுக்கு உறவினர் வந்துகொண்டேதான் இருப்பார்கள், வரவும் வேண்டும். அவர்களுக்குக் கோயிலையும் குளத்தையும் நாம் காட்டத்தான் வேண்டும். வண்டியில் ஏறுமுன் ஒருமுறை தலைகளை எண்ணுவோம். வந்தவர்களை எண்ணுவதுபோல் வீட்டில் இருப்பவர்களையும் எண்ணுவோம். புளிச்சோறு கட்ட ஆண்மக்களுக்கும் கைகள் உண்டு. ஒருவேளை உணவை வெளியில் உண்டால் விருந்தோம்பல் குன்றிவிடாது. விருந்தினரே, நீங்களும் ஒன்று செய்யலாம்: உங்களுக்காக உலை வைப்பவர் வராமல் நாங்கள் புறப்பட மாட்டோம் என்று என் அத்தையைப்போல் ஒரு சொல் சொல்லுங்கள். வீட்டார் கேட்கும்போது மறுக்கிறவர்கூட, விருந்தினர் கேட்டால் மறுக்க மாட்டார்.

அடுத்த மகாமகம் 2028ஆம் ஆண்டில் வருகிறது. எங்கள் வீட்டுக்கு முப்பது பேர் வரக்கூடும். அன்று காலை கோட்டையடுப்பருகே நானும் என் தந்தையாரும் முறைபோட்டு நிற்பது என்று இப்போதே பேசி முடித்துவிட்டோம். சொம்பில் தீர்த்தம் வந்தால், அந்தக் கைப்பிடி நீர் எங்கள் தலைக்குப் போதும்.